எங்க தெரு அண்ணாச்சி கடைய மூடறாங்க, கடைப் பூனைய என்ன பண்றது?

தாளிப்பு | ஆகஸ்ட் 3, இரவு 10.12

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க. மேற்கு மாம்பலத்துல எங்க தெரு முனைல ஒரு அண்ணாச்சி மளிகைக் கடை. நான் கல்யாணம் ஆகி வந்தப்பவே இருந்த கடை. அங்க ஒரு பூனை இருக்கு, பேரு பில்லு. பில் புக்கு மேலயே உக்காந்துக்கும், அண்ணாச்சி பில் போடணும்னா அத தூக்கி அந்தாண்ட வெப்பார், அவர் பேனாவ எடுக்கறதுக்குள்ள மறுபடி வந்து உக்காந்துடும், அதப் பாத்து கடைப்பையன் வெச்ச பேரு. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சுன்னு மூணு கலர்.

கடைக்குள்ள கால வெச்சா கல்லாலேர்ந்து குதிச்சு வந்து வால நேரா நட்டுகிட்டு முழங்கால்ல தலைய முட்டும். எல்லாருக்கும் முட்டாது, அதுலயும் ஆள் பாக்கும். எதிர் அபார்ட்மென்ட் மாமா ஒருத்தர் காலைல ஆறு மணிக்கு பால் பாக்கெட் வாங்க வருவார், தெருவுல யாருக்கும் ஒரு குட் மார்னிங் சொல்லி நான் பாத்ததில்ல, ஆனா பில்லுகிட்ட மட்டும் குனிஞ்சு "இன்னிக்கு சாயங்காலம் மழை இருக்குடி"ன்னு அஞ்சு நிமிஷம் வானிலை அறிக்கை வாசிச்சுட்டு போவார். போன வாரம் பில்லு எலக்ட்ரானிக் தராசு மேல ஏறி உக்காந்துது, 4.150 காட்டிச்சு. அண்ணாச்சி என்னைப் பாத்து "நாலு கிலோ நூத்தம்பது இருக்கும்மா, பையில போடவா?"ன்னார்.

இப்ப பிரச்சனை என்னன்னா அந்த பில்டிங்க இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க. அண்ணாச்சி மடிப்பாக்கத்துல கடை பாத்துட்டார், ஆடி முடியட்டும்னு இருக்கார், ஆவணில ஷிஃப்டிங். பூனை எங்க போகும்? தெருல ஏழெட்டு வீட்டுக்காரங்க "நாங்க சோறு போடறோம், இங்கயே இருக்கட்டும்"ங்கறாங்க. அண்ணாச்சி "வரும்னா வரட்டும், வராட்டி கெடக்கட்டும்"ங்கறார், ஆனா அத சொல்றப்ப அவர் மூஞ்சி வேற சொல்லுது. கூட்டிட்டு போறதா, விட்டுட்டு போறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மூக்கடைப்பு | ஆகஸ்ட் 3, இரவு 10.40

எல்லாரும் வந்து கொஞ்சறதுக்கு முன்னாடி நான் என் சாபத்த வாங்கிக்கறேன். எனக்கு ஆஸ்துமா. பூனை உக்காந்த கடைக்குள்ள போனா பத்து நிமிஷத்துல கண்ணு ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கிடும். அரிசி மூட்டை மேல பூனை தூங்கும், அதே அரிசிய நமக்கு அளந்து போடுவாங்க, கேட்டா "அது நம்ம வீட்டுப் புள்ள மாதிரி சார்". உணவுப் பொருள் விக்கற எடத்துல பிராணிகள் வரக்கூடாதுன்னு 2011-லயே உணவுப் பாதுகாப்பு விதில எழுதி வெச்சிருக்காங்க, படிச்சவங்க யாரும் இல்ல. பூனை மேல எனக்கு கோவம் இல்ல, கடைக்காரங்க மேலதான்.

ஈரோடு_மண்டி | ஆகஸ்ட் 4, காலை 7.05

மூக்கடைப்பு அண்ணா, நீங்க சொல்றது ஞாயந்தானுங்க. ஆனா கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்க. எங்க மண்டில அப்பாரு காலத்துல இருந்து பூனை இல்லாத நாளே கெடையாதுங்க. எலி ஒரு மூட்டைல ஒரு ஓட்டை போட்டா போதும், சிந்தறது ஒரு பக்கம், அது பேஞ்சு வெக்கறது அதவிட அதிகம், அந்த மூட்டைய விக்கவும் முடியாது திருப்பவும் முடியாது. பூனைய தொரத்துன்னா அடுத்து நான் எலி கேக் வெக்கோணும், பசை அட்டை வெக்கோணும். அரிசி பக்கத்துல வெசம் வெக்கறது மட்டும் நல்லதுங்களா? ஏதாவது ஒண்ணு வெச்சுத்தான் ஆகோணும், நான் மீச வெச்சத வெச்சிருக்கேன் :)

மூக்கடைப்பு | ஆகஸ்ட் 4, காலை 9.30

//நான் மீச வெச்சத வெச்சிருக்கேன்//

சிரிச்சுட்டேன், ஒத்துக்கறேன். ஆனா பூனை எலி புடிக்கும்ங்கறதே பாதி கதைங்க. நியூயார்க் புரூக்ளின்ல ஒரு குப்பை மறுசுழற்சி ஆலைல கேமரா வெச்சு 79 நாள் பாத்தாங்க, 2018-ல வந்த ஆராய்ச்சி. நூறு எலிக்கு மேல இருந்த எடத்துல அந்தப் பூனைங்க கொன்னது மொத்தமே ரெண்டு.

ஈரோடு_மண்டி | ஆகஸ்ட் 4, காலை 9.52

ரெண்டாவது கொன்னுச்சே. எங்களுது பெருச்சாளிய பாத்தா அதுவே வந்து என் பின்னாடி ஒளிஞ்சுக்கும்ங்க. சுண்டெலின்னா வெளாடும், பெருச்சாளி கிட்ட அதோட வீரம் எடுபடாது. ஆனா பூனை வாசம் இருந்தா எலிக வெளில வர யோசிக்கும், அது நெசம்.

ஊசிமருந்து | ஆகஸ்ட் 4, பகல் 1.15

கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கறேன். ஈரோடு அண்ணா சொன்னததான் அந்த ஆராய்ச்சியும் சொல்லுது, பூனை நடமாட்டம் இருந்த நாள்ல எலிங்க மறைவுலயே இருந்துது, கொல்லறதுதான் கம்மி. மூக்கடைப்பு சார் அந்தப் பாதிய விட்டுட்டார்.

தாளிப்பு அக்கா, மூணு கலர்னா அது அநேகமா பொண்ணுதான். ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோம்ல வருது, ஆரஞ்சும் கறுப்பும் சேந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும், ஆண்ல அப்படி வர்றது அபூர்வத்துலயும் அபூர்வம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருக்கா? ஆகலன்னா மொதல்ல அத பாருங்க, பூனைக்கு ஒன்பது வாரந்தான் கர்ப்பம், ஷிஃப்டிங் அன்னிக்கு குட்டியோட நிப்பீங்க.

இன்னொண்ணு. கடைப் பூனைய தெருவே கொஞ்சும், ஆனா அதுக்கு வாந்தி வந்தா யார் தூக்கிட்டு போறது? எங்ககிட்ட வர்ற கடைப் பூனை கேஸ் முக்காவாசி முத்திப் போய்தான் வருது, ஒவ்வொருத்தரும் மத்தவங்க காட்டியிருப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்திருப்பாங்க. போன மாசம் ஒண்ணு வந்துது. பக்கத்து கடைல எலி கேக் வெச்சிருக்காங்க, எலி அத தின்னுருக்கு, மயங்கி நின்ன எலிய இது தின்னுருச்சு, உடம்புல ரத்தம் உறையவே இல்ல. வைட்டமின் கே குடுத்து காப்பாத்தினோம். ரெண்டு நாள் முன்னாடியே ஈறு வெளுத்திருந்திருக்கும், தினம் நூறு பேர் தடவிக் குடுத்த பூனை, ஒருத்தரும் வாய தொறந்து பாக்கல.

தாளிப்பு | ஆகஸ்ட் 4, இரவு 8.20

ஊசிமருந்து, நீங்க சொன்னது சுருக்குன்னு குத்திச்சு. ஆபரேஷன் பத்தி அண்ணாச்சிய கேட்டேன், "குட்டி போட்டதில்லம்மா, மலடியோ என்னமோ"ன்னார். எடது காது நுனி மட்டும் நேரா வெட்டின மாதிரி இருக்கு, சண்டைல போச்சுன்னு நெனச்சுட்டு இருக்கோம்.

ஊசிமருந்து | ஆகஸ்ட் 4, இரவு 8.34

கடிச்சு கிழிஞ்சா நேரா இருக்காது அக்கா. அது ஆபரேஷன் பண்ணின அடையாளம், மயக்கத்துல இருக்கறப்பவே நுனிய எடுத்துடுவாங்க, மறுபடி யாரும் புடிச்சு வயித்த கிழிக்கக் கூடாதுன்னு. உங்க தெருல யாரோ ஒருத்தர் சத்தமில்லாம தூக்கிட்டு போய் காசு செலவு பண்ணி கொண்டாந்து விட்டிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா அவங்ககிட்டயே மேற்கொண்டு கேளுங்க.

தேக்கா_சீனு | ஆகஸ்ட் 5, காலை 6.48

சிங்கப்பூர்லயும் அதே காது அடையாளந்தான். இங்க எங்க புளோக் கீழ ஒரு மாமா கடை. மாமாங்கறது நம்ம மாமாவேதான், தமிழ் முஸ்லிம்கள் நடத்தின சின்ன கடைங்கள சீனர், மலாய்க்காரர் எல்லாரும் அப்படியே கூப்பிட்டு பேராயிடுச்சு. அந்தக் கடைப் பூனைக்கு சீனப் பாட்டி மீன் கொண்டாருவாங்க, மலாய் அக்கா பிஸ்கட் கொண்டாருவாங்க, மாமா தண்ணி வெப்பாரு, மூணு பேருக்கும் பொது பாஷைன்னா அது அந்தப் பூனைதான். இங்க அரசாங்க அடுக்குமாடி வீட்ல பூனை வளக்கக் கூடாதுன்னு 1989-லேர்ந்து தடை இருந்துது, 2024 செப்டம்பர் 1-லதான் லைசென்ஸ் எடுத்து ரெண்டு வரைக்கும் வெச்சுக்கலாம்னு மாத்தினாங்க. அது வரைக்கும் நெறைய பேருக்கு "என் பூனை"ன்னா அது கீழ கடைல இருந்ததுதான், மேல தூக்கிட்டு வர முடியாது, ஆனா பேர் வெச்சிருப்பாங்க. ஒரே பூனைக்கு அஞ்சு பேர்.

உங்க கேள்விக்கு என் ஓட்டு: விட்டுட்டு போங்க. நாய் ஆளுக்குப் பழகும், பூனை எடத்துக்குத்தான் பழகும்.

ஊர்சுத்தி | ஆகஸ்ட் 5, மாலை 5.10

பூனைன்னு பாத்ததும் ஓடி வந்தேன். இஸ்தான்புல்ல பத்து நாள் சுத்தினேன், அங்க மருந்துக் கடை, துணிக் கடை, கபாப் கடை எங்க போனாலும் ஒரு பூனை உக்காந்திருக்கும், யாரும் அத நகத்த மாட்டாங்க, நாமதான் சுத்திட்டு போகணும். ஒரு கம்பளக் கடைல ஆயிரக்கணக்குல விலை சொல்ற கம்பளத்து மேல ஒரு கிழட்டு பூனை படுத்திருந்துது, கடைக்காரர் அந்தக் கம்பளத்த காட்டவே மாட்டேன்னுட்டார், "அது எந்திரிச்சப்புறம் வாங்க"ன்னார், சத்தியமா.

கடிகோய்ன்னு ஒரு பகுதி, அங்க ஒரு தெருல டோம்பிலின்னு குண்டு பூனை இருந்துதாம். நடைபாதைப் படில ஒரு முழங்கைய ஊனி, நம்ம பெருசுங்க திண்ணைல சாஞ்சுகிட்டு போறவன் வர்றவன பாப்பாங்கல்ல, அச்சு அசல் அதே மாதிரி உக்காந்திருக்கும். 2016-ல செத்துப் போச்சு. தெருக்காரங்க கேட்டு கேட்டு அதே படில அதே போஸ்ல வெண்கலச் சிலை வெச்சாங்க, அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்தன்னிக்கு. அடுத்த மாசமே எவனோ சிலைய திருடிட்டான், ஊரே கத்தின கத்துல திரும்பக் கொண்டாந்து வெச்சுட்டான். நான் போனப்ப சிலை பக்கத்துல நெஜப் பூனை ஒண்ணு அதே மாதிரி சாஞ்சு உக்காந்து பாத்துச்சு, ட்ரை பண்ணுது, முழங்கை வழுக்குது.

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | ஆகஸ்ட் 5, இரவு 11.30

நான் லண்டனில சின்னக் கடை ஒண்டு வைச்சிருக்கிறன். இஞ்ச சாப்பாட்டுச் சாமான் இருக்கிற பக்கம் பூனை வரக்கூடாதெண்டு சட்டம் இருக்கு, அதால எங்கட ஆள் பேப்பர் அடுக்கிற பக்கத்தோட நிக்கும், கோட்டைத் தாண்டாது. தாண்டினா மனிசி கத்துவா. ஆனா இதே ஊரிலதான் தபால் கந்தோர் பூனைக்குச் சம்பளம் குடுத்தது தெரியுமோ? 1868இல எலித் தொல்லை தாங்கேலாமல் மூண்டு பூனைக்குக் கிழமைக்கு ஒரு சில்லிங் எண்டு ஒதுக்கினவங்கள், மூண்டுக்கும் சேத்து. பிறகு டிப்ஸ் எண்டு ஒரு பூனை தலைமைக் கந்தோரில பதினாலு வருசம் வேலை பாத்தது, நிறை பத்துக் கிலோவுக்கு மேல. எலி பிடிச்சே அவ்வளவு வந்ததெண்டு சொல்லாதேங்கோ, கன்டீனில படுத்திருக்கும். பில்லுவின்ர நாலு கிலோ அதுக்குக் கிட்டவும் நிக்காது.

மூக்கடைப்பு | ஆகஸ்ட் 6, காலை 8.00

லண்டன் அண்ணன் சொன்ன கோடு எனக்குப் புடிச்சிருக்கு. இததான் நானும் கேக்கறேன். அரிசி, பருப்பு, சர்க்கரைய மூடி போட்ட டின்ல வை, சோப்பு, துடைப்பம் இருக்கற பக்கம் பூனைய வை. தாளிப்பு மேடம், புது கடைலயாவது அண்ணாச்சிகிட்ட இத சொல்லுங்க. எங்க தெருல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு பூனை இருக்குன்னு அந்தக் கடைக்கே போறத விட்டுட்டா.

ஊசிமருந்து | ஆகஸ்ட் 6, காலை 8.25

கர்ப்பிணி பயப்படறது டாக்சோபிளாஸ்மாங்கற கிருமிக்கு. பூனைய பாத்தாலோ தொட்டாலோ வந்துடாது, அதோட மலத்துல வருது, அதுவும் வெளில ஒரு நாளாவது கிடந்தாதான் தொத்தற நெலைக்கு வரும். அதனால தினம் அள்ளிடணும், கர்ப்பிணி அள்ளக்கூடாது, அவ்ளோதான். சரியா வேகாத கறியும் கழுவாத கீரையும் இதவிட பெரிய ரிஸ்க், அதப் பத்தி யாரும் இழை ஆரம்பிக்க மாட்டேங்கறாங்க.

ஒசாகா_ரவா | ஆகஸ்ட் 6, பகல் 12.40

தாளிப்பு, உங்க கதைய படிச்சதும் எனக்கு தாமாதான் ஞாபகம் வந்துது. ஜப்பான்ல ஸ்டேஷன் மாஸ்டரான பூனைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது ஆரம்பத்துல கடைப் பூனைங்கறது நெறைய பேருக்கு தெரியாது. வகயாமா பக்கம் கிஷின்னு குட்டி ஸ்டேஷன், பக்கத்துல இருந்த மளிகைக் கடைக்காரம்மாவோட பூனை, அதுவும் மூணு கலர். 2006-ல அந்த நஷ்ட ரயில் பாதைய வேற கம்பெனி எடுத்து நடத்த வந்துது, ஸ்டேஷன் ஓரத்துல பூனைங்க படுத்துட்டு இருந்த குடிசைய எடுத்தாகணும்னுட்டாங்க. கடைக்காரம்மா நேரா கம்பெனித் தலைவர்கிட்டயே போய் "இதுங்கள ஸ்டேஷன்லயே இருக்க விடுங்க"ன்னு கேட்டாங்க. அவருக்கு தாமாவ பாத்ததும் என்ன தோணிச்சோ, 2007 ஜனவரில தொப்பி மாட்டி ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிட்டார். சம்பளம் பூனைத் தீனி. கூட்டம் அலை மோதிச்சு, ரயில் பாதையே பொழச்சுது. 2015 ஜூன்ல செத்தப்ப இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்தாங்க.

பில்டர் ஆபீஸ்ல பில்லுவுக்கு ஒரு சைட் சூப்பர்வைசர் வேல கேட்டுப் பாருங்க :)

தாளிப்பு | ஆகஸ்ட் 6, இரவு 9.15

சிரிச்சுட்டு அழுதேன். இங்க நெலமை வேற. "நாங்க சோறு போடறோம்"னு சொன்ன ஏழெட்டு வீட்ல இன்னிக்கு போய் கேட்டேன். ஒருத்தர் அமெரிக்கா கெளம்பறாங்க, ஒருத்தர் வீட்ல நாய், ஒருத்தர் "தினம்னா கஷ்டம், வெள்ளி சனி பாத்துக்கறேன்"ங்கறாங்க. வெள்ளி சனி! பால் மாமா வீட்டு பெல்லயும் அடிச்சேன், தொறந்தார், விஷயத்த கேட்டார், ஒண்ணும் சொல்லாம கதவ சாத்திட்டார். அண்ணாச்சி கூடவே அனுப்பறதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், எப்படின்னு மட்டும் சொல்லுங்க.

ஊசிமருந்து | ஆகஸ்ட் 6, இரவு 9.50

நல்ல முடிவு. தேக்கா அண்ணா சொல்ற மாதிரி பூனை எடத்துக்குப் பழகறதுதான், ஆனா அந்த எடமே இல்லாம போறப்ப ஜேசிபி முன்னாடி அத விட்டுட்டு வர முடியாது. மொத ரெண்டு மூணு வாரம் புது கடைல ஒரே ரூம்ல பூட்டி வைங்க, வெளில விடவே கூடாது. அது படுக்கற பழைய கோணிய துவைக்காம அப்படியே கொண்டு போங்க. பூனை நம்ம மேல தலைய முட்டறது கொஞ்சறதுக்கு மட்டும் இல்ல, கன்னத்துல இருக்கற வாசனைய தேச்சு "இது நம்ம ஆளு"ன்னு முத்திரை குத்தற வேல. புது எடத்துல அதோட முத்திரை ஒண்ணும் இருக்காது, அந்தக் கோணி ஒண்ணுதான் இருக்கும். மொத நாள் சாப்பிடலன்னா பொறுங்க, ரெண்டாம் நாளும் தொடலன்னா தூக்கிட்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, பூனை தொடர்ந்து பட்டினி கெடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். பசும்பால் குடுத்து தேத்தலாம்னு நெனக்காதீங்க, வளந்த பூனைக்கு பேதிதான் ஆகும். பாராசிட்டமால் பக்கமே போகாதீங்க, ஒரு மாத்திரை போதும் கொல்ல.

தாளிப்பு | ஆகஸ்ட் 30, இரவு 11.48

கூட்டிட்டு போயாச்சு. காய்கறி கூடைய கவுத்து கட்டி, உள்ள கோணிய போட்டு, குட்டியானை வண்டில அண்ணாச்சி மடில. வழி பூரா கத்திச்சாம். புது கடை பின்னாடி சின்ன குடோன், அங்க வெச்சிருக்கோம்.

தாளிப்பு | செப்டம்பர் 1, காலை 7.20

காணோம். கடைப்பையன் ராத்திரி மூட்டை இறக்கறப்ப குடோன் கதவ தொறந்து வெச்சுட்டான். தட்டு வெச்ச மாதிரியே இருக்கு, ஒண்ணரை நாளா ஒண்ணுமே தொடல. பழைய தெருவுக்கு நடந்து வரும்னு இங்க நான் டார்ச் அடிச்சு தேடிட்டு இருக்கேன். அண்ணாச்சி கடையே தொறக்கல.

தேக்கா_சீனு | செப்டம்பர் 1, காலை 7.41

பத்து கிலோமீட்டர் நடந்து வராதும்மா, பயந்த பூனை பக்கத்துலயேதான் பதுங்கும். ஹாங்காங்ல சிம் ஷா சுய்ல ஒரு கடைல க்ரீம் அண்ணன்னு பேர் போன பூனை, 2012-ல காணாம போய் சில வாரம் கழிச்சு கெடச்சுது, ஊரே தேடிச்சு. நம்பிக்கைய விடாதீங்க. குடோன் உள்ளயே மறுபடி தேடுங்க.

மூக்கடைப்பு | செப்டம்பர் 1, காலை 8.02

நான் நங்கநல்லூர். மாஸ்க் போட்டுகிட்டு வரேன், கடை எங்கன்னு தனி மெசேஜ்ல அனுப்புங்க.

தாளிப்பு | செப்டம்பர் 1, இரவு 10.30

கெடச்சுது. இருங்க, மொறையா சொல்றேன்.

மூக்கடைப்பு சார் வந்து குடோன்ல ஒவ்வொரு மூட்டையா நகத்தினார், கடைப்பையனுக்கு அவர் தும்மறத பாத்து பயம். ஒண்ணும் இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டோல வந்து எறங்கினது பால் மாமா. நான் கூப்பிடல, அவருக்கு யார் சொன்னாங்கன்னும் தெரியல. குடோனுக்குள்ள போய் எல்லாரையும் வெளில போகச் சொல்லிட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஒரு எண்ணெய் டின் மேல உக்காந்தார். ஒரு பத்து நிமிஷம். உள்ள ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்டுது. நாங்க கதவு இடுக்கு வழியா பாத்தா பரண் மேல காலி அட்டைப்பெட்டிங்க நடுல ஒரு காது தெரியுது, நுனி வெட்டின காது. உள்ளயேதான் இருந்திருக்கு, வெளில போகவே இல்ல. அப்படியே எறங்கி வந்து அவர் முழங்கால்ல முட்டிச்சு.

அவர் பேன்ட் பாக்கெட்லேர்ந்து நாலா மடிச்ச பழைய சீட்டு ஒண்ண எடுத்து அண்ணாச்சிகிட்ட குடுத்தார். அஞ்சு வருஷம் முந்தின ஆபரேஷன் ரசீது, பின்னாடி வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போட்ட தேதி அவர் கையெழுத்துல. "அடுத்தது தை மாசம், மறந்துடாதீங்க"ன்னார். அண்ணாச்சிக்கு பேச்சே வரல, ஒரு டீ சொன்னார், மாமா வேண்டாம்னுட்டார்.

ஊசிமருந்து | செப்டம்பர் 1, இரவு 10.38

சாப்பிட்டுச்சா? அத மொதல்ல சொல்லுங்க.

தாளிப்பு | செப்டம்பர் 1, இரவு 10.44

வேக வெச்ச நெத்திலி ரெண்டு கை. தண்ணி குடிச்சுது. தராசுல வெச்சுப் பாத்தோம், 3.860.

மூக்கடைப்பு | செப்டம்பர் 2, காலை 6.15

கண்ணு ரெண்டும் பணியாரம். சர்க்கரை, ரவை, மைதாவுக்கு மூடி போட்ட டின் எட்டு வாங்க ஒத்துக்கிட்டார் அண்ணாச்சி, அரிசிக்கு பேச்சு வார்த்தை நடக்குது.

தாளிப்பு | செப்டம்பர் 24, இரவு 9.05

கடைசி அப்டேட். நேத்துலேர்ந்து குடோன் கதவ தொறந்து விட்டாச்சு. நேரா கல்லாவுக்கு வந்து பில் புக்க தேடிச்சாம், புது கடைல கம்ப்யூட்டர் பில், பிரின்டர் மேல ஏறி உக்காந்துகிச்சு, சூடா இருக்கும் போல. பேப்பர் வெளில வர மாட்டேங்குது, கஸ்டமர் எல்லாம் வரிசைல நிக்கறாங்க. எடை 4.020. இன்னும் நூத்தி முப்பது பாக்கி இருக்குன்னார் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை மாமா பஸ்ஸுல வர்றாராம், பால் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு போறாராம், மாம்பலத்துல பாலே கெடைக்காத மாதிரி.